வணங்கிய கையோடு சுடப்பட்டவர்: சிலோன் பிரதமர் பண்டாரநாயக்காவின் கதை

1959ஆம் ஆண்டு செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை காலை. கொழும்பு ரோஸ்மீட் பிளேஸில் இருந்த சிலோன் பிரதமரின் வீட்டு வராந்தாவில் அன்றும் கூட்டம். மனு கொடுக்க வந்தவர்கள், குறை சொல்ல வந்தவர்கள் என்று காலையில் ஆட்கள் வந்து காத்திருப்பது அந்த வீட்டில் வழக்கம். பெரிய காவல் எதுவும் கிடையாது. அமெரிக்கத் தூதரிடம் பேசி அனுப்பி வைத்த பிரதமர், வராந்தாவுக்கு வந்து அங்கே இருந்த புத்த பிக்குவைக் குனிந்து வணங்கினார். வணக்கத்தைப் பெற்றுக்கொண்ட அதே பிக்கு, காவி உடைக்குள்ளிருந்து கைத்துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். காயத்தோடு வீட்டுக்குள் ஓடியவரைத் துரத்திச் சென்றும் சுட்டார். மறுநாள் காலை பிரதமர் மருத்துவமனையில் உயிர் இழந்தார்.

அவர்தான் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கா. மூன்று ஆண்டுகளுக்கு முன் பிக்குகள் கிராமம் கிராமமாக நடந்து ஓட்டுக் கேட்டு ஆட்சியில் அமர்த்திய மனிதர். சிங்களம் மட்டும் என்ற சட்டத்தைக் கொண்டு வந்தவர் என்றுதான் தமிழர்கள் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். அது சரிதான். ஆனால், தமிழர்களுக்கு அதிகாரம் பகிர்ந்து தர ஒப்புக்கொண்டு தமிழர் தலைவருடன் உடன்பாடு செய்த பிரதமரும் அவரே. அந்த உடன்பாட்டை அவரால் ஓராண்டுகூடக் காப்பாற்ற முடியவில்லை.

ஆளுநரின் பெயரைச் சுமந்த பிள்ளை

1899ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் தேதி பிறந்தார் பண்டாரநாயக்கா. தந்தை சர் சாலமன் டயஸ் பண்டாரநாயக்கா, மகா முதலியார். பிரிட்டிஷ் ஆளுநருக்கு உள்ளூர் விவகாரங்களில் ஆலோசனை சொல்லும் பெரிய பதவி அது. பிள்ளைக்கு வைத்த நீண்ட பெயரின் நடுவில் இருக்கும் வெஸ்ட் ரிட்ஜ்வே என்பது அன்றைய ஆளுநரின் பெயர். ஹொரகொல்லையில் மாளிகை, குதிரைகள், ஏவலாட்கள். குடும்பம் ஆங்கிலிக்கன் கிறிஸ்தவக் குடும்பம். வீட்டில் பேச்சு ஆங்கிலம்.

இந்தக் குடும்பத்தின் மூதாதையர்களில் ஒருவர் தென்னிந்தியாவிலிருந்து வந்த நீலப்பெருமாள் என்று ஜேம்ஸ் ரட்னம் என்ற ஆய்வாளர் 1950களில் எழுதினார். பண்டாரம் என்ற சொல்லிலிருந்துதான் பண்டாரநாயக்கா வந்தது என்றும் சொல்வார்கள். சிலோனில் யார் மண்ணின் மைந்தர், யார் வந்தேறி என்று தோண்டப் போனால் இப்படித்தான் முடியும்.

பண்டாரநாயக்கா செயிண்ட் தாமஸ் கல்லூரியில் படித்துவிட்டு ஆக்ஸ்போர்டு சென்றார். பிற்காலத்தில் பிரிட்டனின் பிரதமரான அந்தோணி ஈடன் அங்கே அவர் காலத்து மாணவர். ஆக்ஸ்போர்டு மாணவர் சங்கத்தின் விவாத மேடையில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு நடுவே பேசிப் பெயர் எடுத்து, சங்கச் செயலாளராகவும் ஆனார். அழகான குரல், தயங்காத ஆங்கிலம். 1925இல் ஊர் திரும்பியபோது கொடுத்த வரவேற்பில், சிங்களத்தில் சரளமாகப் பேச முடியாததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. சிங்களத்தின் காவலர் என்று பின்னாளில் கொண்டாடப்பட்டவரின் தொடக்கம் இது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 1926இல் அந்த இளைஞர் பத்திரிகையில் தொடர்ந்து எழுதினார். யாழ்ப்பாணத்துக்கே போய் மேடையிலும் பேசினார். சிலோனுக்கு ஏற்றது கூட்டாட்சி முறைதான் என்பது அவருடைய வாதம். கரையோரச் சிங்களவர், கண்டிச் சிங்களவர், தமிழர் ஆகியோர் தங்கள் வட்டாரத்தைத் தாங்களே நிர்வகித்தால்தான் நாடு ஒன்றாக நிற்கும் என்றார். அன்றைக்குத் தமிழ்த் தலைவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தமிழர்கள் கூட்டாட்சி கேட்டுக் கட்சி தொடங்கியது 23 ஆண்டுகள் கழித்து, 1949இல்தான்.

ஓட்டு வந்தது, மதம் மாறியது

1931இல் டொனமூர் அரசியல் சட்டம் வந்தது. 21 வயது நிறைந்த ஆண், பெண் எல்லாருக்கும் ஓட்டு. படிப்பு வேண்டாம், சொத்து வேண்டாம். மலாயாவில் முதல் பொதுத்தேர்தல் நடந்தது 1955இல் என்பதை நினைத்துப் பார்த்தால், சிலோன் எவ்வளவு முன்னதாக அந்த உரிமையைப் பெற்றது என்று புரியும்.

ஆனால் அதோடு ஒரு கணக்கும் வந்தது. மக்கள் தொகையில் ஏறக்குறைய பத்தில் ஏழு பேர் சிங்களவர். அவர்களில் பெரும்பாலோர் பௌத்தர். கிறிஸ்தவராக இருந்துகொண்டு கிராமத்து ஓட்டு வாங்குவது கடினம் என்று உயர்குடிப் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தை விட்டு விகாரைக்குப் போகத் தொடங்கியவர்களை, டொனமூர் பௌத்தர்கள் என்று ஊரார் கேலி செய்தார்கள். பண்டாரநாயக்காவும் அந்த ஆண்டுகளில்தான் பௌத்தத்தைத் தழுவினார். கோட்டும் சூட்டும் போய் வெள்ளைத் தேசிய உடை வந்தது. அவருடைய மனமாற்றம் முழுவதும் ஓட்டுக்காக என்று சொல்லிவிடவும் முடியாது. கிராமத்து மக்களின் வாழ்க்கையை வேற்று மொழி பேசும் ஒரு சிறு கூட்டம் ஆள்வது தவறு என்று அவர் உண்மையாகவே எண்ணினார்.

1936இல் உள்ளூராட்சி அமைச்சர் ஆனார். சிங்கள மகா சபை என்ற அமைப்பைக் கட்டினார். 1940இல் கண்டிப் பகுதியின் செல்வாக்கு மிக்க பௌத்தக் குடும்பத்துப் பெண் சிறிமாவோவை மணந்தார். 1944இல் சிங்களத்தை ஆட்சிமொழியாக்கும் தீர்மானத்தை ஜே.ஆர். ஜெயவர்த்தனா அரசாங்க சபையில் கொண்டு வந்தபோது, தமிழையும் சேர்க்க வேண்டும் என்று திருத்தம் வந்தது. இரு மொழிகள் இருப்பதில் தனக்குத் தடையில்லை என்றார் பண்டாரநாயக்கா. அந்தத் தீர்மானம் இரு மொழிகளோடும்தான் நிறைவேறியது.

1948 பிப்ரவரி 4இல் சுதந்திரம். அவர் டி.எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் இருந்தார். அதே ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டமும், அடுத்த ஆண்டு வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் இருந்த இலட்சக்கணக்கான இந்திய வம்சாவளித் தமிழர்களை நாடற்றவர்களாகவும் ஓட்டற்றவர்களாகவும் ஆக்கின. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்த அதே தமிழ் மாவட்டங்களிலிருந்து போனவர்களின் பிள்ளைகள்தான் அவர்கள். இடதுசாரிகளுக்கு ஓட்டுப் போடுகிறார்கள் என்ற பயமும், கண்டிச் சிங்களவரின் தொகுதிகளில் அவர்கள் எண்ணிக்கை அதிகம் என்ற பயமும்தான் காரணம். ஓட்டுரிமையில் ஆசியாவுக்கே முன்னோடியாக இருந்த நாடு, சுதந்திரம் பெற்ற கையோடு செய்த முதல் காரியங்களில் ஒன்று அது. அமைச்சர் பண்டாரநாயக்கா அதை எதிர்த்துப் பதவி விலகவில்லை.

பதவி விலகியது 1951இல், வேறு காரணத்துக்காக. சேனநாயக்காவுக்குப் பிறகு தனக்கு இடம் வராது என்று தெரிந்துவிட்டது. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். அந்தக் கட்சியின் முதல் கொள்கை அறிக்கையிலும் சிங்களம், தமிழ் இரண்டுக்கும் இடம் இருந்தது. 1952 தேர்தலில் கிடைத்தது 9 தொகுதி.

1956

சிங்களக் கிராமங்களில் குமுறல் இருந்தது. அதில் நியாயமும் இருந்தது. ஆங்கிலேயர் போய் எட்டு ஆண்டுகள் ஆகியும் அரசாங்கம் ஆங்கிலத்திலேயே நடந்தது. நீதிமன்றத்தில், தந்தி அலுவலகத்தில், அரசு மருத்துவமனையில் எல்லாம் ஆங்கிலம். அந்த மொழி தெரிந்தவர் பத்துப் பேரில் ஒருவர்கூட இல்லை. சிங்களத்தில் படித்த ஆசிரியருக்கும் நாட்டு வைத்தியருக்கும் மதிப்பு இல்லை. யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிகள் நிறைய இருந்ததால் அங்கே படித்த தமிழர்கள் அரசு வேலையில் தங்கள் எண்ணிக்கைக்கு மேல் இருந்தார்கள். மலாயா இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் சிலோன் தமிழர்கள் வந்து அமர்ந்ததும் அதே பள்ளிப் படிப்பால்தான்.

அந்தக் குமுறல் ஆங்கிலத்தின் மேல் மட்டும் இருந்திருந்தால் கதை வேறு. 1956, புத்தர் பரிநிர்வாணம் அடைந்து 2500ஆவது ஆண்டு. பௌத்தம் அழிக்கப்பட்டுவிட்டது, அரசு அதைக் காப்பாற்றவில்லை என்று ஒரு விசாரணைக் குழு அறிக்கை வெளியிட்டது. பிக்குகள் முன்னணி அமைத்து அரசியலில் இறங்கினார்கள். அதில் முன்னால் நின்றவர் களனி விகாரையின் தலைமைப் பிக்கு மாப்பிட்டிகம புத்தரக்கித்த தேரர். சிங்களம் மட்டும் என்பது மொழிக் கோரிக்கையாக இல்லாமல் மதக் கடமையாகவே மாறியது.

அப்போது ஆளும் கட்சியின் பிரதமர் சர் ஜான் கொத்தலாவலை, யாழ்ப்பாணத்தில் இரு மொழிக்கும் சம இடம் தருவதாக வாக்களித்துவிட்டு வந்து தெற்கில் அகப்பட்டுக்கொண்டார். பண்டாரநாயக்கா சிங்களம் மட்டும் என்ற பக்கம் சாய்ந்தார்; ஆட்சிக்கு வந்தால் 24 மணி நேரத்தில் செய்வதாகச் சொன்னார். பயந்துபோன ஆளும் கட்சியும் 1956 பிப்ரவரியில் களனியில் கூடி அதே கொள்கைக்கு மாறியது. அதற்குப் பிறகு தெற்கில் இரண்டு பெரிய கட்சிகளில் எதற்கு ஓட்டுப் போட்டாலும் அது சிங்களம் மட்டும் என்பதற்கான ஓட்டாகிவிட்டது. ஒரு தமிழருக்கு அந்தத் தேர்தலில் ஓட்டு இருந்தது. தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை.

பண்டாரநாயக்காவின் முன்னணி 95இல் 51 தொகுதிகளை வென்றது. பழைய ஆளும் கட்சிக்கு எட்டுதான். மொத்த ஓட்டில் வென்றவர்களுக்குக் கிடைத்தது 40 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. வடக்கிலும் கிழக்கிலும் தமிழரசுக் கட்சி 10 தொகுதிகளைப் பிடித்தது. தேர்தல் மிக நேர்மையாக நடந்தது. தோற்றவர் மறுபேச்சின்றிப் பதவியைக் கொடுத்தார்.

ஈப்போவில் பிறந்தவர்

தமிழரசுக் கட்சியின் தலைவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகம். பேராக் மாநிலத்து ஈப்போவில் 1898இல் பிறந்தவர். சிறுபிள்ளையாக யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைக்குத் திரும்பியவர். பண்டாரநாயக்கா படித்த அதே செயிண்ட் தாமஸ் கல்லூரியில்தான் அவரும் படித்தார். மெலிந்த உடல், மெல்லிய குரல், வழக்கறிஞர், கிறிஸ்தவர். கடைசிவரை மதம் மாறாமலே இந்துக்கள் நிறைந்த தொகுதியில் ஓட்டு வாங்கியவர். மேடையில் பண்டாரநாயக்காவுக்கு நேர் எதிரான ஆள்.

1956 ஜூன் 5இல் மொழி மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்த அன்று, செல்வநாயகமும் தொண்டர்களும் அருகிலிருந்த காலிமுகத் திடலில் அமைதியாக உட்கார்ந்து சத்தியாகிரகம் செய்தார்கள். கும்பல் வந்து அடித்தது. போலீஸ் பார்த்துக்கொண்டு நின்றது. அடிபட்ட அமிர்தலிங்கம் தலையில் கட்டோடு அவைக்குள் போனார். கல்லோயாக் குடியேற்றப் பகுதியில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். நியாயமான அளவு தமிழைப் பயன்படுத்தலாம் என்று மசோதாவில் சில பிரிவுகளைச் சேர்க்கப் பண்டாரநாயக்கா எண்ணியிருந்தார். பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர் நாடாளுமன்றக் கட்டடத்திலேயே உண்ணாவிரதம் இருந்தார். அந்தப் பிரிவுகள் போயின. வெற்றி பெற்று இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பிரதமர் பின்வாங்கியது அது முதல் தடவை.

இருந்தாலும் அவர் மனம் ஓயவில்லை என்றே தோன்றுகிறது. 1957 ஜூலை 26இல் செல்வநாயகத்துடன் உடன்பாடு செய்தார். வட மாகாணத்துக்கு ஒரு பிராந்திய சபை, கிழக்குக்கு இரண்டோ அதற்கு மேலோ. விவசாயம், நிலம், குடியேற்றம், கல்வி, சுகாதாரம் போன்றவற்றில் அவற்றுக்கு அதிகாரம். வடக்கு, கிழக்கில் நிர்வாக மொழி தமிழ். தோட்டத் தமிழர்களின் குடியுரிமையை மறுபடி பரிசீலிப்பது. பதிலுக்குச் செல்வநாயகம், கூட்டாட்சி, மொழிச் சம உரிமை ஆகிய கோரிக்கைகளை அப்போதைக்கு ஒதுக்கி வைத்து, நடத்தவிருந்த சத்தியாகிரகத்தையும் நிறுத்தினார். 1926இல் யாழ்ப்பாண மேடையில் பேசிய இளைஞரின் யோசனையில் கொஞ்சம் அந்தத் தாளில் இருந்தது.

களனித் தொகுதியில் 1956இல் தோற்றிருந்த ஜே.ஆர். ஜெயவர்த்தனா, நாடு விற்கப்பட்டுவிட்டது என்று சொல்லி அக்டோபரில் கண்டி புனிதப் பல் ஆலயத்துக்குப் பாதயாத்திரை புறப்பட்டார். பண்டாரநாயக்காவின் ஆட்கள் இம்புல்கொடையில் அதை மறித்தார்கள். மறிக்க முடியாத கூட்டம் உள்ளேயே இருந்தது. சிங்கள ஸ்ரீ எழுத்துப் பலகையோடு அரசு பேருந்துகள் வடக்கே அனுப்பப்பட, தமிழர்கள் அந்த எழுத்தில் தார் பூசினார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளுக்குத் தார் பூசினார்கள். ஒரே எழுத்துக்காக!

1958 ஏப்ரல் 9 காலை, சுமார் 200 பிக்குகள் ரோஸ்மீட் பிளேஸ் வீட்டு முன் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். உடன்பாட்டைக் கிழிக்காமல் எழுந்திருக்க மாட்டோம் என்றார்கள். நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை இருந்த பிரதமர், நாட்டின் போலீசும் இராணுவமும் கையில் இருந்த பிரதமர், அன்று மாலைக்குள் உடன்பாடு செல்லாது என்று ஒப்புக்கொண்டார். வாய்வார்த்தை போதாது என்று பிக்குகள் சொன்னதும் எழுதியும் கொடுத்தார். அந்தப் பிக்குகளை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் பௌத்த மக்களின் பெயரால் பேசும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று 1956இல் மேடைக்கு மேடை சொல்லித்தான் அவர் வென்றிருந்தார். அவர்களிடம் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் எழவில்லை.

அடுத்த மாதம் கலவரம். பொலன்னறுவையில் இரயிலை மறித்துத் தாக்கியதில் தொடங்கி கொழும்பு வரை பரவியது. கிழக்கில் ஒரு முன்னாள் நகரத் தலைவர் கொல்லப்பட்டதுதான் காரணம் என்பது போல் பிரதமர் வானொலியில் பேசினார். கலவரம் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. அந்தப் பேச்சு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது. மே 27இல்தான் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதற்குள் நூற்றுக்கணக்கானோர் இறந்திருந்தார்கள். ஆயிரக்கணக்கான தமிழர்கள் கொழும்பு முகாம்களிலிருந்து கப்பலேறி யாழ்ப்பாணம் போனார்கள். செல்வநாயகமும் அவரது கட்சியினரும் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார்கள்.

அவர் ஆட்சியில் நல்லவையும் நடந்தன. பிரிட்டிஷ் தளங்களைத் திருகோணமலையிலிருந்தும் கட்டுநாயக்காவிலிருந்தும் சண்டையின்றி வெளியேற்றினார். பேருந்துகளும் துறைமுகமும் அரசுடைமை ஆயின. குத்தகை விவசாயிகளைக் காக்கும் நெற்காணிச் சட்டம் வந்தது. சாதியின் பெயரால் கோயிலிலும் கடையிலும் ஒருவரைத் தடுப்பது குற்றமாக்கப்பட்டது. மரண தண்டனையையும் நிறுத்தி வைத்தார்.

அதற்குப் பின்

அவரைச் சுட்ட பிக்கு தல்துவ சோமராம தேரர், நாட்டு வைத்தியக் கல்லூரியில் கண் மருத்துவம் கற்பித்தவர். பின்னால் இருந்து திட்டமிட்டவர் களனி புத்தரக்கித்த தேரர்தான் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. கப்பல் போக்குவரத்து ஒப்பந்தம், சர்க்கரை ஆலை என்று அவர் எதிர்பார்த்த சலுகைகள் கிடைக்காத கோபமும் காரணமாகச் சொல்லப்பட்டது. அன்று நாடு முதலில் நினைத்தது தமிழர் யாரோ செய்துவிட்டார்கள் என்றுதானா என்ற பதற்றம் கொழும்புத் தமிழர் வீடுகளில் இருந்திருக்காமல் போகாது. மருத்துவமனைப் படுக்கையிலிருந்து பண்டாரநாயக்கா விடுத்த செய்தியில், காவி உடை அணிந்து வந்த அந்த மனிதர் மேல் பழிவாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அடுத்து வந்த அரசு மரண தண்டனையைத் திரும்பக் கொண்டு வந்தது. சோமராம 1962 ஜூலையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முன் கிறிஸ்தவத்தைத் தழுவியிருந்தார். புத்தரக்கித்தவின் தண்டனை ஆயுள் சிறையாகக் குறைந்தது. 1967இல் சிறையிலேயே இறந்தார்.

1960இல் மனைவி சிறிமாவோ உலகின் முதல் பெண் பிரதமரானார். 1964இல் அவர் இந்தியப் பிரதமர் சாஸ்திரியுடன் செய்த ஒப்பந்தத்தில் 525,000 தோட்டத் தமிழர்களை இந்தியா ஏற்பது என்றும் 300,000 பேருக்குச் சிலோன் குடியுரிமை தருவது என்றும் கணக்குப் போட்டார்கள். தோட்டத்து மக்களிடம் யாரும் கேட்கவில்லை. 1972இல் அவர் கொண்டு வந்த புதிய அரசியல் சட்டம் பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது. சிறுபான்மையினரைப் பாதிக்கும் சட்டம் இயற்றக் கூடாது என்ற பழைய 29ஆவது பிரிவு அதில் இல்லை. செல்வநாயகம் 1977இல் இறந்தார்.

தமிழும் ஆட்சிமொழி, மாகாணங்களுக்குச் சபை என்று அரசியல் சட்டம் திருத்தப்பட்டது 1987இல். போர் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தத் திருத்தத்தைக் கொண்டு வந்த ஜனாதிபதியின் பெயர் ஜே.ஆர். ஜெயவர்த்தனா. ஏறக்குறைய அதையே எதிர்த்து அவர் கண்டிக்கு நடக்கப் புறப்பட்டு அப்போது 30 ஆண்டுகள் ஆகியிருந்தன.